நுண்குழலில் நீரை இழுக்கும் மின்சாரம்



பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் நிகழ்ந்த ஒன்றைக் கூறித் தொடங்குகிறேன். கண்ணாடிப் பாத்திரத்தில் நீர், அதனுள் நுண்துளைகள் கொண்ட மண்சாடி, சாடிக்குள்ளும் நீர். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக மின்முனைகளை வைத்து, பல மின்கலங்களை அடுக்கி, மாணவன் ஒருவன் மின்னோட்டம் செலுத்தினான். சிறிது நேரம் சென்றபின், "ஐயா, எதிர்மின் முனைப் பக்கம் நீர் ஏறியிருக்கிறது" என்றான். "சாடி கசிகிறது, வேறு எடு" என்றேன். கசிந்தால் இருபுறமும் சமமாகுமேயன்றி ஒருபுறம் ஏறாது என்பது ஆசிரியனாகிய எனக்குத் தோன்றவில்லை!

அவன் கண்டதையே மாஸ்கோவில் ராய்ஸ் என்னும் அறிஞர் 1809-இல் வெளியிட்டிருந்தார். ஈரக் களிமண்ணில் இரு கண்ணாடிக் குழாய்களைச் செருகி மின்சாரம் பாய்ச்சியபோது, எதிர்மின் முனைக் குழாயில் நீர் உயர்ந்தது. இதற்கு மின்னாற் சவ்வூடு பரவல் என்று பெயர்.

காரணம் சுவரில் இருக்கிறது. கண்ணாடியும் களிமண்ணும் நீரில் நனைந்தால் அவற்றின் பரப்பு எதிர்மின்னூட்டம் பெறும். நீரிலுள்ள நேர்மின் அயனிகள் அப்பரப்பை ஒட்டி மெல்லிய படலமாகத் திரளும். மின்புலம் இவற்றை எதிர்மின் முனைக்கு இழுக்கிறது. இவை நகரும்போது அடுத்துள்ள நீரையும் இழுத்துச் செல்கின்றன. தேரின் வடத்தைப் பிடிப்பவர் சிலரே. தேர் முழுவதும் நகர்கிறதல்லவா?

அழுத்தம் கொடுத்து நீரைத் தள்ளினால் என்ன என்று கேட்பீர்கள். குழலின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே அழுத்தத்தில் ஓடும் நீர் பதினாறில் ஒரு பங்காகிவிடும். மின்சாரத்தால் இழுத்தாலோ நாலில் ஒரு பங்காகவே குறையும். அதுவும் குழலின் வாய் சிறுத்ததனால் வந்த குறைவு, வேகம் குறைவதில்லை. ஆகவேதான் தலைமயிரினும் மெல்லிய குழல்களுக்கு, பிஸ்டனும் வால்வும் இல்லாத இந்தப் பம்பு ஏற்றதாகிறது.

1879-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸும், 1903-இல் ஸ்மோலுகோவ்ஸ்கியும் இதற்குக் கணக்கு வகுத்தனர். 5 சென்டிமீட்டர் நீளக் கண்ணாடிக் குழலுக்கு 500 வோல்ட் கொடுப்பதாகக் கொள்வோம் (வீட்டில் செய்து பார்க்க வேண்டா, உயிருக்கு ஆபத்து). சுவரருகே மின்னழுத்தம் 70 மில்லிவோல்ட் எனில், நீர் வினாடிக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நகரும். குழலைக் கடக்க 100 வினாடி.

கண்ணுக்குத் தெரியாத இந்த ஓட்டத்தை எவ்வாறு அளப்பது? 1988-இல் வெளியான முறை மிக எளியது. குழலில் உப்புக் கரைசலை நிரப்பி, நீர் நுழையும் முனையில் மட்டும் சற்றே நீர்த்த கரைசலை வைப்பார்கள். அது உள்ளே புகப்புக மின்தடை கூடும், மின்னோட்டம் குறையும். குழல் முழுதும் மாறியதும் குறைவது நின்றுவிடும். அதுவரை சென்ற நேரத்தைக் கொண்டு வேகத்தைக் காணலாம். நுட்பமான அம்மீட்டரும் கடிகாரமும் போதும்!

கடிகாரம் 100-க்குப் பதிலாக 130 காட்டினால்? கரைசலின் அமிலத்தன்மை, உப்பின் அளவு, குழலைக் கழுவிய விதம் ஆகிய யாவும் சுவரின் மின்னூட்டத்தை மாற்றும். இரு முனைகளிலும் நீர்மட்டம் சிறிது வேறுபட்டாலும் கணக்குப் பிசகும். இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த 70 மில்லிவோல்ட் என்பதையே பெரும்பாலும் இத்தகைய அளவீட்டிலிருந்துதான் பெறுகிறார்கள். எனவே வோல்ட்டை இரட்டித்து, வேகமும் இரட்டிக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

இதன் மறுதலையும் உண்மை. நுண்துளைகளில் உப்புநீர் நகர்ந்தால் மின்சாரம் பிறக்கும். 2019-இல் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள், சலவைத் துறையில் உலர்ந்துகொண்டிருந்த சுமார் 50 துணிகளிலிருந்து மின்சாரம் சேர்த்து, சிறிய எல்.ஈ.டி. விளக்கை ஒரு மணி நேரத்திற்கு மேல் எரித்தார்கள். இளையாத்தங்குடியில் எங்கள் வீட்டுக் கொடியில் காயும் வேட்டியை அதற்குப்பின் நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எத்தனையோ முறை பேருந்தில் அதனைக் கடந்து சென்றேன். அந்த மாணவனின் ஐயத்தை அங்கே ஒருவரிடமும் கேட்கவில்லை. அவனோ சொன்னபடி வேறு சாடி எடுத்தான். பின்னர் நான் திருத்திய அவனது செய்முறை ஏட்டில், இரண்டாம் சாடியிலும் நீர் ஏறியது என்று எழுதியிருந்தான். அவ்வரியை நான் சிவப்பு மையால் அடித்தேன்.