கிளச் கம்பியும் நம் கடமையும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் கம்பனையும் வள்ளுவரையும் பற்றிக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் எமக்கு அத்துறையில் பேசும் தகுதி இல்லை. "தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார் செயலாளர். எமக்குத் தெரிந்தது ஒரு கம்பி. மோட்டார் சைக்கிளின் கிளச் கம்பி. சிரிப்பவர்கள் சிரித்து முடித்தபின் செவி சாய்க்க வேண்டுகிறோம்.

2016-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஓர் இரவு. நாகபுரியில் மழை கொட்டிக் கொண்டிருந்தது. எம் அடுத்த வீட்டு அண்ணாச்சிக்கு நெல்லைச் சீமையிலிருந்து தொலைபேசி வந்தது. தாயார் மகனின் பெயரையே சொல்லிக் கொண்டிருக்கிறார், உடனே புறப்படுக என்பது செய்தி. சென்னை வண்டிக்கு அரை மணி நேரமே இருந்தது. "ஏறுங்கள் அண்ணாச்சி, பத்து நிமிடத்தில் சேர்த்துவிடுகிறோம்" என்றோம். பாதி வழியில், சாலைச் சந்திப்பில், லீவரைப் பிடித்ததும் 'டப்' என்று ஓர் ஓசை. லீவர் உயிரற்றுக் கைப்பிடியோடு ஒட்டிக் கொண்டது. வண்டி குலுங்கி நின்றது. அந்நேரத்தில் ஆட்டோவும் இல்லை. வண்டியைச் சாலையோரம் விட்டு, பெட்டியைத் தூக்கிக் கொண்டு இருவரும் மழையில் ஓடினோம். நடைமேடையை அடைந்தபோது கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு மட்டுமே தெரிந்தது. அடுத்த வண்டியில் புறப்பட்ட அவர், சென்னையில் நெல்லை வண்டியையும் தவறவிட்டார். ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இன்றுவரை அவர் எம்மை ஒரு சொல் கடிந்ததில்லை. அதுவே எமக்குப் பெருந்தண்டனை. இதை இங்கே சொல்ல அவரிடம் இசைவு கேட்டோம். "என் பேரைச் சொல்ல வேண்டாம், கம்பியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். ஆகவே கம்பிக்கு வருவோம்.

அக்கம்பி முன்னறிவிப்பின்றி அறுந்துவிடவில்லை. மூன்று திங்களாக எச்சரித்தது. லீவர் நாளுக்கு நாள் கனத்தது. விட்டால் மெல்லவே திரும்பியது. லீவரின் அருகே மயிரிழை போன்ற ஓர் உருக்கு இழை வெளியே நீட்டி, ஒருநாள் விரலையும் குத்தியது. அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்றோம். ஞாயிறுகள் வந்தன, சென்றன.

இழுக்கும் கம்பியொன்றை வளையும் உறைக்குள் ஓட விடும் அமைப்புக்கு எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பார் 1896-இல் காப்புரிமை பெற்றார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. உள்ளே பல உருக்கு இழைகளை முறுக்கிய கம்பி. வெளியே சுருள் உறை. லீவரைப் பிடித்தால் கம்பி இழுபடும். கிளச்சின் தட்டுகள் ஒன்றையொன்று விட்டு விலகும். இயந்திரத்தின் ஆற்றல் சக்கரத்துக்குச் செல்லாது. அவ்வேளையில் கியரை மாற்றுகிறோம். கியரில்லா ஸ்கூட்டர்களுக்கு இந்த லீவரும் கம்பியும் இல்லை.

ரயில்வேக் குடும்பத்தார்க்கு இது புதிதன்று. பழைய கைகாட்டி மரங்களைக் கேபினிலிருந்து கம்பியால்தான் இழுத்தார்கள். வெயிலில் கம்பி நீளும், குளிரில் சுருங்கும். அதற்கேற்பத் திருத்த ஓர் அமைப்பும் வைத்திருந்தார்கள். கிளச் கம்பிக்கும் அத்தகைய திருத்தும் திருகு உண்டு. லீவரைப் பிடிக்கும்போது தொடக்கத்தில் சிறிது தளர்ச்சி இருக்க வேண்டும். பல வண்டிகளுக்கு லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை. உங்கள் வண்டிக்கு உரிய அளவைக் கையேட்டில் காண்க. தளர்ச்சியே இல்லையேல் தட்டுகள் முழுதும் பற்றாமல் வழுக்கித் தேயும். மிகுந்தால் தட்டுகள் முழுதும் விலகா. கியர் முரண்டு பிடிக்கும்.

அடுத்து எண்ணெய். நாகபுரியின் கோடைப் புழுதியும் அதன் பின் வரும் மழையும் கம்பிக்குப் பகை. மேல்முனையைக் கழற்றி, தாளைப் புனல் போலச் சுற்றிக் கட்டி, மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுக. கீழ்முனையில் எண்ணெய் கசியும் வரை பொறுத்திருத்தல் வேண்டும். உறைக்குள் வழுவழுப்பான பூச்சுக் குழாய் உள்ள கம்பிகள் சிலவற்றுக்கு எண்ணெய் கூடாது. அதையும் கையேடே சொல்லும். லீவர் சுழலும் ஆணிக்குச் சிறிது கிரீஸ் இடுக.

ஓர் இழை அறுந்தாலும் கம்பியை மாற்றிவிடுக. முடிச்சிடுவதும் பற்றவைப்பதும் வேண்டா. பெரும்பாலான சாதாரண வண்டிகளுக்குப் புதுக்கம்பியின் விலை சில நூறு ரூபாய்தான். வாங்கியதும் பழையதன் அருகே வைத்து நீளம் ஒத்துப் பார்க்க. இரு முனைகளிலும் உள்ள திருகுகளைத் தளர்த்தி, லீவரிலும் திருகிலும் உள்ள பிளவுகளை ஒரே நேராக நிறுத்தினால் நிப்பிள் எளிதில் வெளிவரும். பழைய கம்பியை உருவுமுன் அதன் முனையில் ஒரு நூலைக் கட்டுக. புதுக்கம்பி அதே வழியில் செல்ல அந்நூலே வழிகாட்டும். எங்கும் கூர்மையாக வளையலாகாது. புகைக்குழாயின் சூடு படலாகாது. நிப்பிளில் கிரீஸ் தடவி, கீழ்முனையை முதலிலும் லீவர் முனையை இறுதியிலும் மாட்டுக. கைப்பிடியை இருபுறமும் முழுதும் திருப்பிப் பார்க்க. கம்பி எங்கும் இறுகலாகாது. பின்னர்த் தளர்ச்சியைத் திருத்திப் பூட்டு நட்டை முடுக்குக. புதுக்கம்பி சற்றே படிந்து கொடுக்கும். ஆதலின் சில நாட்களில் மீண்டும் பார்க்க.

வழியில் அறுந்தால் என் செய்வது? நியூட்ரலில் இயந்திரத்தை ஓட விட்டு, வண்டியைக் காலால் உந்தி, அது உருளும்போது மெல்ல முதல் கியரில் இடலாம். நிற்குமுன் நியூட்ரலுக்கு வந்துவிட வேண்டும். நெரிசலில் இது ஆபத்து. ஆளற்ற சாலையில் மட்டும், அதுவும் அவசரத்துக்கு மட்டும். அன்றிரவு சாலை ஆளற்றுத்தான் கிடந்தது. இவ்வழி மட்டும் எமக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்பர்களே! ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு அண்ணனும் தம்பியும் அடுத்த வீட்டாரே. நள்ளிரவில் ஒருவர் கதவைத் தட்டினால் மற்றவரின் வண்டிதான் ஓட வேண்டும். ஆதலின் நம் வண்டி நம்முடையது மட்டும் அன்று. வரும் ஞாயிறு காலை சங்கக் கட்டிடத்தின் முன்னுள்ள வேப்ப மரத்தடிக்கு வண்டிகளோடு வாருங்கள். எண்ணெயும் ஸ்பானரும் யாம் கொணர்வோம். அண்ணாச்சியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதலில் அவர் வண்டியைத்தான் பார்க்கப் போகிறோம்.