கோப்பின் பெயரும் முகவரியும்



பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், பழைய டிரங்குப் பெட்டி செய்த வேலையை இன்று கணிப்பொறி செய்கிறது. ஊர் நிலத்தின் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகல்கள் அதனுள்ளேதான் இருக்கின்றன. அவற்றைத் தவறின்றி எடுப்பதற்குரிய ஒரு சிறு முறையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கோப்புக்குப் பெயர் வேறு, இருப்பிடம் வேறு. ஒரே உறைக்குள் ஒரே பெயரில் இரு கோப்புகள் இருத்தல் இயலாது. ஆனால், மூத்தவளின் உறையிலும் இளையவனின் உறையிலும் ‘பிறப்புச் சான்று’ என்ற பெயரே இருக்கத் தடையில்லை. பெயரை மட்டும் நம்பினால், அக்காளின் சான்று தம்பியின் பள்ளி விண்ணப்பத்தில் ஏறிவிடக்கூடும். எங்கள் மொழிபெயர்ப்புப் பணியிலும் இந்தி வடிவமும் ஆங்கில வடிவமும் ஒரே பெயருடன் இரு உறைகளில் இருப்பதுண்டு. ஆகவே, பெயரோடு பாதையையும் அறிதல் வேண்டும்.

பாதை என்பது முழு முகவரி. எந்த வட்டு, எந்த உறை, அதனுள் எந்தக் கோப்பு என்று அது வரிசையாகச் சொல்லும். அஞ்சல் முகவரியில் ஆள் முதலில், ஊர் பின்னர். இங்கே ஊர் முதலில், ஆள் கடைசியில்.

இதனைக் கையால் தட்டச்சு செய்தால் ஓர் எழுத்துப் பிசகினாலும் கோப்பு அகப்படாது. விண்டோஸ் 11-இல் கோப்பின்மீது மவுஸின் வலப்பொத்தானை அழுத்தினால் ‘காப்பி அஸ் பாத்’ என்னும் கட்டளை தோன்றும். விண்டோஸ் 10-இல் ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே இதனைச் செய்தல் வேண்டும். கட்டளையைத் தேர்ந்தபின், வேண்டிய இடத்தில் கண்ட்ரோலையும் வி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், பாதை மேற்கோள் குறிகளுடன் பதியும். பல கோப்புகளை ஒருங்கே தேர்ந்தால், ஒவ்வொன்றும் தனி வரியாக வந்து பட்டியல் ஒன்று தானே அமையும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பாதையை நகலெடுப்பது கோப்பை நகலெடுப்பது ஆகாது. ஊரிலுள்ள தம்பிக்குப் பாதையை அனுப்பினால், முகவரி போய்ச் சேருமேயன்றிப் பத்திரம் போய்ச் சேராது. அன்றியும், கோப்பை வேறு உறைக்கு மாற்றினால் பழைய பாதை பயனற்றதாகும். பணி மாற்றத்தால் ஊர்விட்டு ஊர் சென்றோருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பழைய வீட்டிற்கு வந்த கடிதம் எல்லாமா நம்மைத் தேடி வருகிறது?

ஆதலின், முக்கியமான ஆவணங்களின் பாதைகளைப் பட்டியலிட்டுத் தாளில் அச்சிட்டு வையுங்கள். கோப்பை இடம் மாற்றும்போதெல்லாம் அதனையும் திருத்துங்கள். நீங்கள் வெளியூர் சென்றிருக்கும் நாளில் வீட்டிலுள்ளோர்க்கு அத்தாள் ஒன்றே வழிகாட்டும்.