தாதித் தொழிலில் மேற்படிப்பு

(பழவேற்காட்டில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



தாதித் தொழில் கற்று, கவுன்சிலில் பெயர் பதிந்து, ஏதேனும் ஒரு மருத்துவமனையில் மாதச் சம்பளத்துக்கு ஊழியம் செய்துவரும் பெண்கள் நம் குப்பங்களில் ஆங்காங்கே உளர். கூடை சுமந்து மீன் விற்ற தாய்மாரின் வயிற்றிற் பிறந்த இப்பெண்கள் வெள்ளுடை அணிந்து நிற்பதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். ஆயின், "வேலை கிடைத்துவிட்டது, இனிப் படிப்பு எதற்கு?" என்று அங்கேயே நின்றுவிடுகிறோம். நிற்கத் தகுமா என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

பெரியோர்களே! நம் ஏரியில் பாட்டு முறை என்பது முன்னோர் வகுத்த நல்ல நியாயம். இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்து, வலியோன் எளியோனைத் தள்ளாதபடி காத்தது அது. ஆயினும் அப்பாடு ஆண்மக்களுக்கே உரியது. பெண்ணுக்கு அதிற் பங்கில்லை. அன்றியும், முகத்துவாரம் மணலால் தூர்ந்து ஏரி ஆழம் குறைந்துவருகிற இக்காலத்தில், ஆண்மக்களுக்கே அப்பாடு போதாமற் போகிறது. கடலிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்நாட்களில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது மகளின் சம்பளத்தாலன்றோ? ஆகையால் பாட்டில் பங்கில்லாத பெண்ணுக்குப் படிப்பே பாடு என்று கொள்வோமாக.

இத்தொழிலின் வரலாற்றைச் சிறிது கேளுங்கள். சென்னைப் பொது மருத்துவமனையில் 1871 ஆம் ஆண்டிலேயே தாதிமார்க்குப் பயிற்சி தொடங்கிற்று. தாதியரும் மருத்துவச்சியரும் பெயர் பதிவு செய்துகொள்ளும் சட்டம் 1926 இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1909 இல் தாதிப் பள்ளி தொடங்கினார். அவ்விடத்திலேயே 1946 இல் பி.எஸ்ஸி. பட்டப்படிப்பும் உண்டாயிற்று. ஆகவே இது வைத்தியரின் கைக்கு எட்டுவதை எடுத்துக்கொடுக்கும் எடுபிடி வேலையன்று. தனக்கென நூலும் பட்டமும் சட்டமும் உடைய வித்தையாம்.

இனி ஏணியின் படிகளைச் சொல்லுகிறேன். மூன்றாண்டு டிப்ளமோ முடித்துப் பதிவு பெற்றவள், இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. படித்தால் பட்டதாரியாவாள். நான்காண்டு பி.எஸ்ஸி. நேரே படித்தவளுக்கு இப்படி தேவையில்லை. பட்டம் பெற்று ஓராண்டு ஊழியமும் செய்தவள் இரண்டாண்டு எம்.எஸ்ஸி. சேரலாம், 55 விழுக்காட்டுக்குக் குறையாத மதிப்பெண் வேண்டும். மருத்துவம் மற்றும் அறுவை, குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், சமுதாய நலம் என ஐந்து பிரிவுகள் அதில் உண்டு. அதன்மேல் முனைவர் பட்டம். கல்லூரியில் ஆசிரியையாக விரும்புவோர்க்கு இதுவே வழி.

கற்பிப்பதில் விருப்பமின்றி நோயாளியின் அருகிலேயே இருக்க விரும்புவோர்க்கும் வழியுண்டு. அவசர சிகிச்சை, பச்சிளங் குழந்தை, புற்றுநோய், அறுவைக்கூடம் முதலியவற்றில் ஓராண்டுத் தனிப்பயிற்சிகள் உள்ளன. தீவிர சிகிச்சையில் நர்ஸ் பிராக்டிஷனர் என்னும் இரண்டாண்டு மேற்படிப்பும் உண்டு. அதில் பாடத்தின் பெரும்பகுதி நோயாளியின் கட்டிலருகேயே நடக்கும்.

அரசாங்க உத்தியோகத்தை நாடுவோர், 2012 இல் ஏற்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளைக் கவனித்து வருதல் வேண்டும். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நார்செட் என்னும் பொதுத்தேர்வு உண்டு. பட்டினவராகிய நாம் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் மீனவர் என்னும் தலைப்பின்கீழ் இருக்கிறோம்; அவ்வகுப்பினர்க்கும் சீர்மரபினர்க்குமாக 20 விழுக்காடு ஒதுக்கீடு இம்மாகாணத்தில் 1989 முதல் உளது. சாதிச் சான்றிதழை விண்ணப்பத்தின் கடைசி நாளில் தேடி ஓடாமல், முன்னரே வாங்கி வைத்தல் நலம்.

அயல்நாடு செல்ல விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் தேர்வு. இங்கிலாந்துக்குக் கணினித் தேர்வும், செய்முறைத் தேர்வும், ஆங்கிலத் தேர்வும் உண்டு. இவை தரகனுக்குப் பணம் கொடுத்துக் கடக்கும் வாயில்களல்ல. வளைகுடா நாடுகள் முதலாய்ப் பதினெட்டு நாடுகளுக்குத் தாதியர் தனியார் தரகர் மூலம் செல்வதை நம் மத்திய அரசாங்கம் 2015 இல் தடுத்து, அரசு நிறுவனங்களின் வழியே செல்ல விதித்தது. தமிழ்நாட்டில் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978 முதல் இப்பணிக்கென்றே இருக்கிறது. படகை அடகு வைத்துத் தரகன் கையிற் பணம் கொடுக்குமுன் அந்த வாயிற்படியை மிதியுங்கள். கல்லூரி விஷயத்திலும் அப்படியே: இந்திய நர்சிங் கவுன்சிலும் மாநிலக் கவுன்சிலும் அங்கீகரித்த கல்லூரியா என்று விசாரியாமற் கட்டணம் கட்டாதீர்கள். அங்கீகாரமில்லாத பட்டம் ஓட்டைப் படகு. கரையில் இருக்கும்வரை அழகாகவே தோன்றும்.

"பெண்ணை மேலும் படிக்கவைப்பதால் ஊருக்கு என்ன லாபம்?" என்று கேட்பாரும் உளர். 2011 டிசம்பர் 25 அன்று நம் ஏரியில் படகு கவிழ்ந்து 22 உயிர்கள் போனதை மறந்தோமா? பொன்னேரியைத் தாண்டிச் சற்றேறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது சென்னை. நள்ளிரவில் பிரசவ வேதனைப்படும் பெண்ணையும், நீரில் மூழ்கி எடுத்த பிள்ளையையும் அவ்வளவு தூரம் உயிரோடு கொண்டு சேர்ப்பது, முதல் அரைமணி நேரம் அருகில் நிற்பவளின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. நெஞ்சை எவ்விதம் அழுத்துவது, உதிரப்போக்கை எவ்விதம் தடுப்பது என்பதை நன்கு கற்றவள் ஒருத்தி குப்பத்தில் இருந்தால் அது ஊருக்கே காவல். 2021 ஆகஸ்டு 5 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் மருந்து வீடுதேடி வந்தது. அதனைச் சரிவர உண்கிறாரா என்று நம் பாஷையிலேயே கேட்டுத் திருத்துவோரும் நம்மவராக இருந்தால் பயன் இரட்டிப்பாகும்.

ஆயின் உண்மையான தடை ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. வேலையிலிருக்கும் பெண் இரண்டாண்டு படிக்கப் போனால் அவள் சம்பளம் நின்றுபோம். அச்சம்பளத்தை நம்பித் தகப்பன் எஞ்சினுக்குக் கடன் வாங்கியிருப்பான்; தம்பி பள்ளிக்கூடம் போவான். அவள் தன் ஆசையைச் சொல்லாமல் மறுபடியும் இரா வேலைக்குப் புறப்படுவாள். யான் அறிந்த ஒரு பெண் சேர்க்கைக் கடிதத்தை மூன்றாண்டு பெட்டியில் வைத்திருந்து, பின்பு தன் கையாலேயே கிழித்தாள். வீட்டார் வேண்டாமென்று சொன்னதில்லை. போ என்று சொல்லவும் ஒருவருமில்லை.

ஆதலால் இச்சபைக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்கிறேன். முதலாவது, திருவிழாவுக்கு வீட்டுவரி தண்டும்போது அதில் ஒரு சிறு பங்கைக் கல்விக்கென ஒதுக்கி, மேற்படிப்புக்குச் செல்லும் தாதிக்கு வட்டியில்லாக் கடனாகக் கொடுங்கள். தானமாகக் கொடுக்க வேண்டா. அவள் உத்தியோகம் ஏற்றுத் திருப்பித் தரும் பணம் அடுத்தவளைப் படிக்க வைக்கும். பாட்டைப் போல் இதுவும் முறை வைத்து வருக. இரண்டாவது, பெண் கொள்வோர் அவள் சம்பளத்தைச் சீர்வரிசையில் ஒன்றாக எண்ணாதிருங்கள். மேலும் படிப்பாள் என்பதைப் பாக்கு வெற்றிலை மாற்றும்போதே பேசி முடியுங்கள். மூன்றாவது, மூத்த தாதியர் ஆண்டுக்கொருமுறை இவ்விடம் வந்து, இளையவர்க்கு விண்ணப்பம் எழுதவும் தேர்வுக்கு ஆயத்தமாகவும் உதவுங்கள்.

தாதிமார்களே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் ஆசையை வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள். எவ்வளவு செலவு, எத்தனை மாதம், திரும்பி வரும்போது சம்பளம் என்ன என்று கணக்கெழுதித் தகப்பன் முன் வையுங்கள். கடலின் கணக்கறிந்தவன் காகிதத்தின் கணக்கையும் அறிவான்.

சங்கத்தார் அடுத்த கூட்டத்திலேயே இந்நிதியைக் குறித்துத் தீர்மானம் செய்ய வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். எல்லாம் வல்ல இறைவன் நம் குலத்தைக் காத்தருள்வானாக.