மாறிக்குப் பெயரிடுதல்

(தேனியில் கணிப்பொறி பயிலும் மாணவரிடை ஆற்றிய உரை)



முல்லைப்பெரியாற்று நீரால் வாழும் கம்பம் பள்ளத்தாக்கினர் நாம். 'இன்று 130' என்று ஒருவர் சொன்னால், 'எந்த அணை? அடியா, கனஅடியா?' என்று உடனே கேட்போம். பெரியாற்றணையில் 142 அடிவரை நீர் தேக்கலாமென உச்சநயன்மன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. வைகையணையின் முழுமட்டமோ 71 அடியே. அடி என்பது நீர்மட்டம். நொடிக்கு இத்தனை கனஅடி என்பது நீர்வரத்து. இரண்டையும் மயக்கி மதகைத் திறப்பவன் ஊரைக் கெடுப்பான்.

கணிப்பொறிக்குள்ளும் மதகு காப்போன் ஒருவன் உளன். அச்சுப்பொறி, விசைப்பலகை முதலிய கருவிகளுக்கும் இயங்குதளத்திற்கும் இடைநிற்கும் அந்நிரலை இயக்கி என்கிறோம். அதில் மதிப்பொன்றைத் தாங்கிநிற்கும் பெயரே மாறி.

'காத்திருப்பு' என்றொரு மாறி இருக்கிறதென்று கொள்வோம். காத்திருப்பு எதனால் அளந்தது? 1991-இல் இலினசு தோர்வால்டுசு தொடங்கிய இலினக்சில், நேரத்தை மில்லிநொடியாகக் கேட்கும் செயற்கூறுகளும் உள. 'சிஃபி' எனப்படும் துடிப்பாகக் கேட்பனவும் உள. நொடிக்கு 100 துடிப்பென அமைத்த பொறியில் ஒரு துடிப்பு 10 மில்லிநொடி. 250 என அமைத்ததில் 4 மில்லிநொடி. அரைநொடி என்றெண்ணி 500 என எழுதி, அதைத் துடிப்பு கேட்கும் செயற்கூற்றிடம் கொடுத்தால், முதற்பொறி 5 நொடி காத்துக்கிடக்கும். மற்றது 2 நொடி. பிழை ஒன்று, விளைவு இரண்டு! 'காத்திருப்பு_மில்லிநொடி' எனப் பெயரிட்டிருந்தால், அடுத்துப் படிப்பவன் கண்ணில் அது பட்டிருக்கும். இத்தகைய அலகு மயக்கத்தால் 1999-இல் அமெரிக்கர் செவ்வாய்க்கு விடுத்த விண்கலமே அழிந்தது. ஒருசாரார் பவுண்டு விசையிலும் மறுசாரார் நியூட்டனிலும் கணக்கிட்டிருந்தனர்.

நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் கரணியப்பெயர் என்றும் பகுத்தார். இலினக்சின் எழுத்துநெறியும் ஏறத்தாழ இதையே கூறுகிறது. பலரும் எடுத்தாளும் பொதுப்பெயர் பொருள்விளக்கம் உடையதாதல் வேண்டும். உயிரெழுத்துகளை உதிர்த்து எலும்புக்கூடாக்கலாகாது. சிறு எல்லைக்குள் எண்ணிவிட்டு மறையும் மாறிக்கோ, 'ஐ' என்னும் ஓரெழுத்தே போதும். இடுகுறிக்கும் இடமுண்டு என்பதை நானும் ஒப்புகிறேன்.

உலகோர் கூடி எழுதும் இலினக்சில் ஆங்கிலப் பெயர்களே வழக்கு. ஆனால் 2020-இல் வந்த குனூ தொகுப்பியின் 10-ஆம் பதிப்பு, சி மொழி நிரலில் தமிழெழுத்துப் பெயர்களை நேரே ஏற்கிறது. ஆகவே உங்கள் பயிற்சி நிரல்களில் 'நீர்மட்டம்_அடி', 'நீர்வரத்து_கனஅடி' என்றெழுதிப் பாருங்கள். 'நீம', 'நீவ' என்று மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். அதற்கு ஆங்கிலமே தாழ்வில்லை!