கன்று போட்ட பிறகு மூன்று நாள்

(கல்முனைக்கு வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடம் கரையோர மாடு வளர்ப்போர் சார்பில் ஆற்றிய உரை)



நீங்கள் மலைநாட்டுக்காரர், நாங்கள் கடற்கரைக்காரர். ஆனாலும் மாட்டு விசயத்தில் நம் கவலை ஒன்றுதான்.

எங்கள் பெரியவர்கள் வளர்த்தவை பட்டி மாடுகள். பெரும்போக அறுவடை முடிந்தால் வயலில் மேயும். விதைப்புத் தொடங்கினால் வட்டமடு போன்ற மேய்ச்சல் தரைக்குப் போகும். அந்தத் தரைக்கான இழுபறி வேறு கதை. நாட்டு மாடு ஒன்றிரண்டு லீற்றர் தரும். கன்று போட்டால் தானே எழும்பி நடக்கும். ஜேர்சி, பிரீசியன் கலப்பு மாடுகளைக் கொட்டிலில் கட்டத் தொடங்கிய பிறகுதான், கன்று போட்ட மாடு விழுந்து கிடப்பதை அடிக்கடி கண்டோம். உங்கள் லயத்துக் கொட்டிலில் நிற்பதும் அதே இரத்தம்தான்.

அதற்குப் பெயர் பால் காய்ச்சல். பெயரை நம்பாதீர்கள், உடம்பு சுடாது, காது குளிர்ந்திருக்கும். பால் சுரக்கும்போது இரத்தத்திலுள்ள கல்சியம் ஒரேயடியாக மடிக்கு இறங்கிவிடுகிறது. மூன்றாம் கன்றுக்கு மேல், பால் கூடிய மாட்டுக்குத்தான் அதிகம் வரும். பெரும்பாலும் கன்று போட்டு மூன்று நாளுக்குள். முதலில் பின்கால் தள்ளாடும், சாணி போடாது. பிறகு படுத்து, கழுத்தை விலாப் பக்கம் மடித்துக்கொள்ளும். "களைப்புத்தான், விடிந்தால் எழும்பும்" என்று விட்டால், விடியும்போது மாடு உயிரோடு இராது.

மிருக வைத்தியர் கல்சிய மருந்தை நரம்பில் மெதுவாக ஏற்றினால் பல மாடுகள் சில மணித்தியாலத்தில் எழும்பிவிடும். வேகமாக ஏற்றினால் இருதயம் நின்றுவிடும். ஆகவே இது ஊசி போடத் தெரிந்த அயலவரின் வேலையல்ல. அவர் வரும்வரை மாட்டை நெஞ்சு நிலத்தில் படிய நிமிர்த்தி, இரு பக்கமும் வைக்கோல் சாக்கை அண்டை கொடுங்கள். சரிந்து கிடந்தால் வயிறு ஊதும். போத்தலால் எதையும் பருக்க வேண்டாம். விழுங்க முடியாத மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். எங்கள் ஊரிலும் கைமருந்துப் போத்தலோடு ஓடி வருகிறவர்கள் அதிகம்!

கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே பாலை வற்ற விடுங்கள். அந்தப் பால் காசுதான் பிள்ளைகளின் கொப்பியும் பஸ் காசும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் ஓய்வில்லாத மாடு அடுத்த கறவையில் பாலைக் குறைக்கும். கடைசி மூன்று கிழமை கல்சியத் தூளை அள்ளிப் போடாதீர்கள்; எலும்பிலிருந்து எடுக்க உடம்பு பழக வேண்டும். கன்று போட்ட பிறகு கொடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் மடியை முழுக்க ஒட்டக் கறக்க வேண்டாம்.

கடும்புப்பால், நீங்கள் சொல்லும் சீம்பால், முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் கன்றின் வயிற்றுக்குள் போகட்டும். மிச்சத்தைக் காய்ச்சி அயலுக்குக் கொடுக்கலாம். நஞ்சுக்கொடி பன்னிரண்டு மணித்தியாலத்தில் விழாவிட்டால் கல்லைக் கட்டி இழுக்காமல் வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

இனி, கொழுந்துக்குப் போன நேரத்தில் கொட்டிலை யார் பார்ப்பது? கன்று போடும் கிழமையில் லயத்தில் ஒருவரை முறை வைத்து நிறுத்துங்கள். அவருக்கு அரைப்பேர் விழாமல் பார்ப்பது உங்கள் தோட்டக் கமிட்டி துரைமாரிடம் பேச வேண்டிய விசயம். மிருக வைத்திய அலுவலகத்தின் தொலைபேசி இலக்கத்தை இன்றே கொட்டில் கதவில் கரியால் எழுதி வையுங்கள்.