ஒழுகும் கீசர்

1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் காவிரி மின்சாரம் வந்து சேர்ந்த ஊர் நம் கோலார் தங்கவயல். சுரங்கத்துக்காக வந்த மின்சாரம் அது. இன்று மார்கழிக் குளிரில் நம் குளியலறையில் வெந்நீர் போடுகிறது.

அந்தக் கீசரின் அடியில் ஈரம் தெரிந்தால், முதலில் சுவிட்சை அணையுங்கள். பிறகு எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். குழாய் இணைப்பில் என்றால் வாஷர் மாற்றினால் போதும். தண்ணீர் சூடாகும்போது பாதுகாப்பு வால்விலிருந்து சில சொட்டு விழுவது இயல்பு. அதை அடைக்கவே கூடாது, அழுத்தம் வெளியேற வேறு வழியில்லை. உள்தொட்டியே ஓட்டையானால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, கீசரையே மாற்றத்தான் வேண்டும்.

இரும்புத் தொட்டி ஏன் ஓட்டையாகிறது? உள்ளே ஒரு மக்னீசியத் தண்டு இருக்கும். தொட்டியைத் தின்ன வேண்டிய அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு அது கரையும். அது தீர்ந்தபின் அரிப்பு தொட்டிக்குத் திரும்பும். போர்வெல் உப்புத்தண்ணீரில் இது சீக்கிரமே நடக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பலர் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் கீசரை இழக்கிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

புதிதாக மாட்டும்போது எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைச் சோதிக்கச் சொல்லுங்கள். பழைய லைன் வீடுகளில் இருப்பவர்கள் இதை நாளைக்கென்று தள்ளிப்போட வேண்டாம்.