வீட்டுக்கொரு ஏட்டறை

(விழிஞ்ஞத்தில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

சென்ற மழைக்காலத்தில் நம் சங்கத்து மர அலமாரியைத் திறந்தபோது கண்ட காட்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பழைய ஆண்டு மலர்களிற் பல கறையானுக்கு இரையாகிக் கிடந்தன. நமக்கு எஞ்சியவை, உறுப்பினர் சிலர் தத்தம் வீட்டுப் பெட்டியின் அடியில் வைத்திருந்த படிகளே. அன்று எழுந்த கவலையே எங்களை ஒரு சிறு முயற்சியில் இறக்கிற்று. பல வீட்டுக் கணிப்பொறிகள் ஒன்றுகூடி ஏடுகளைக் காக்கும் சோதனை வலையமைப்பு ஒன்றில், எங்கள் இல்லத்தையும் ஒரு கணுவாகச் சேர்த்தோம். ஆங்கிலம் பயின்ற நம் பிள்ளைகள் இதனை ‘நோடு’ என்பர்.

ஓரிடத்தில் மட்டும் காத்த செல்வம் ஓரிரவில் அழியும் என்பதற்கு நம் வரலாறே சான்று. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் மீண்டும் பெறவியலாத ஓலைச்சுவடிகளும் இருந்தன.

இதற்கு மறுபுறமும் உண்டு. நாம் கூடியிருக்கும் இவ்விழிஞ்ஞம், 8, 9ஆம் நூற்றாண்டுகளில் ஆய் மன்னர்தம் துறைமுகமாக விளங்கிய ஊர். ஆய் என்னும் பெயரைச் சங்க காலத்திலேயே புகழ் பெறச் செய்தவன் ஆய் அண்டிரன். அவனை முடமோசியார் பாடிய பாடல்கள் இன்று நம் கையில் எவ்வாறு இருக்கின்றன? யாரோ பலர் பல வீடுகளில் ஏடு பெயர்த்து எழுதி வைத்தனர், உ.வே.சாமிநாதையர் அவற்றைத் தேடித் தொகுத்து, ஒப்புநோக்கி, 1894இல் புறநானூற்றை அச்சேற்றினார். ஆயினும் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவேயில்லை. படிகள் பல இருந்தவை பிழைத்தன, இல்லாதவை மறைந்தன. புதிய வலையமைப்பின் தத்துவமும் இதுவேயாகும்.

அது இயங்கும் முறையை நம் துறைமுகத்தை வைத்தே விளக்கலாம். 2024 ஜூலையில் முதல் பெருங்கப்பல் இங்கு வந்தது. 2025 மே 2ஆம் நாள் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. பெருங்கப்பலில் வரும் பெட்டகங்கள் சிறு கப்பல்களில் ஏறிப் பல ஊர்களுக்குப் பிரிந்து செல்கின்றன. முத்திரையிட்ட பெட்டகத்துள் இருப்பதைச் சுமக்கும் மாலுமி அறியான். அதுபோலவே, நாம் அளிக்கும் ஏடு துண்டுகளாக்கப்பட்டு, பூட்டப்பட்டு, வெவ்வேறு கணுக்களுக்குச் செல்லும். பிறர் துண்டு நம் வீட்டில் இருக்கும்; அதனை நாம் படிக்க இயலாது. ஒவ்வொரு துண்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட நீண்ட எண் ஒன்று பெயராகும். ஓரெழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடுமாதலின் கலப்படம் உடனே வெளிப்படும். கணுக்களுக்கும் அத்தகைய எண்கள் உண்டு. துண்டின் எண்ணுக்கு நெருங்கிய எண்ணுடைய கணுக்கள் சில அதன் படிகளை ஏற்கும். ஒன்று அணைந்தால், மற்றவை வேறொரு கணுவுக்குப் படி எடுத்துக் கொடுக்கும். இவ்வாறு எண்ணால் அண்டையரைத் தேடும் ‘காடெம்லியா’ முறையை மேமவுன்கோவ், மாசியரஸ் என்னும் இருவர் 2002இல் வகுத்தனர். ஸ்காட்லாந்தில் டேவிட் இர்வின் 2006இல் தொடங்கிய மெயிட்சேஃப் நிறுவனம், பல ஆண்டுகள் சோதனை வலையமைப்புகளை எழுப்பியும் கலைத்தும் பயின்றே முன்னேறியது.

எங்கள் அனுபவத்திற்கு வருவோம். பழைய மடிக்கணினி ஒன்றைத் துடைத்தெடுத்து, புதிய வட்டு ஒன்றை இணைத்தோம். வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியை இதற்குப் பயன்படுத்தவில்லை, நீங்களும் பயன்படுத்தலாகாது. மென்பொருளை அதனை ஆக்கியோரின் தளத்திலிருந்தே இறக்கி, வட்டில் இவ்வளவு இடமே தருவோம் என வரம்பு கட்டினோம். ஆயினும் இரண்டு வாரம் எங்கள் கணுவை எவரும் நாடவில்லை. எங்களுக்கு இணையம் தந்த நிறுவனம் பல வீடுகளுக்கும் சேர்த்து ஒரே முகவரியை வைத்திருந்தமையே காரணம். தேடி வந்தோர் தெருமுனையோடு திரும்பிவிட்டனர்! மாதந்தோறும் சிறிது கூடுதல் செலுத்தித் தனி முகவரி பெற்று, ரவுட்டரில் வாயிலொன்றைத் திறந்த பின்னரே கணு உயிர்பெற்றது. மின்வெட்டுக்கு ஒரு யு.பி.எஸ். வைத்தோம். உப்புக்காற்று இரும்பைத் தின்னும் ஊராதலால் சன்னலோரத்தை விட்டு உள்ளறைக்கு மாற்றினோம். செலவு யாதெனக் கேட்பீர்கள்: 15 வாட் மின்சாரம் கொள்ளும் கணினி 30 நாள் ஓயாது ஓடினால் ஏறத்தாழ 11 யூனிட் ஆகும்.

பின்னர் ஒரு நாள் அச்சோதனை முடிவுற்றது. நாங்கள் அதில் இட்டிருந்த ஆண்டு மலரின் நிழற்படிகளும் உடன் மறைந்தன. முன்கூட்டியே அறிவித்திருந்தனராதலால் எவர்மீதும் குறையில்லை. நல்வேளையாக, வேறு வட்டுகளில் படிகள் வைத்திருந்தோம். இவ்வூர் மீன்பிடித் துறைமுகத்தில் 1991இல் சென்னை ஐ.ஐ.டி.யினர் இயக்கிய 150 கிலோவாட் அலைமின் நிலையம் இன்று இயங்கவில்லை. அது புகட்டிய பாடமோ நிலைத்தது. சோதனை என்பது கற்கும் இடம், காக்கும் இடமன்று. ஒரே படியை அதனிடம் ஒப்படைப்பவர் ஏமாறுவர். பூட்டிய ஏட்டின் திறவுச்சொல்லைத் தொலைப்பவரும் அவ்வாறே. நாணயம் கிடைக்கும் என்ற ஆசையால் மட்டும் இதில் பொருளை முடக்குதலும் வேண்டா.

ஆகவே எங்கள் வேண்டுகோள் எளியது. எஞ்சிய மலர்களையும் பழைய புகைப்படங்களையும் மின்படி எடுப்போம். காலனியில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் ஒரு முழுப் படியைத் தன் வீட்டில் வைத்து, ஆண்டு விழாவிற்கு முன் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். ஒரு படி ஊரிலுள்ள உறவினர் இல்லத்திற்கும் செல்லட்டும். விருப்பமுள்ள இளைஞர் கணு அமைத்துப் பழகட்டும். எங்கள் வீட்டுக் கதவு அவர்களுக்குத் திறந்தேயிருக்கும். பிழைப்பை நாடி வந்த இடத்தில், நாம் இங்கே தமிழராய் வாழ்ந்தோம் என்பதற்கு இந்த ஏடுகளன்றி வேறு சான்று யாது? 267ஆம் பாடலைத் தேடுவார் போல நம் பேரப்பிள்ளைகள் நம்மைத் தேடி ஏங்கலாகாது.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!